முதியோர் இல்லத்தில் பல்லாங்குழி, தாயம், பலூன்: சில வருட அனுபவம்

கோவைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். "அம்மாவுக்கு டேப்லெட்ல மூளைப் பயிற்சி ஆப் போட்டுக் கொடுத்தா மறதி வராதுங்களா சிஸ்டர்?" என்று கேட்கும் பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்கள். அதனால் நாங்கள் சில வருடங்களாக விளையாட வைத்துப் பார்த்ததை எழுதுகிறேன்.

ஆப் பற்றி முதலில். தினமும் ஆடுபவர் அந்த ஆப்பில் தேறுகிறார், அவ்வளவுதான். மாத்திரை வேளையை நினைவில் வைப்பதில் ஒரு மாற்றமும் நான் பார்க்கவில்லை. வயதால் வரும் மறதியைத் தள்ளிப்போடும் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் போட்ட வழக்கில், லுமோசிட்டி ஆப்பை நடத்தும் நிறுவனம் 2016-ல் 20 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. காசு போடும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

என் ஓட்டு பல்லாங்குழிக்கு. காலையில் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லத் தெரியாத பாட்டிகள்கூட 14 குழியிலும் கை ஓட்டி, நாலு சேர்ந்ததும் "பசு!" என்று அள்ளிவிடுகிறார்கள். கிள்ளி எடுப்பது, எண்ணுவது, எதிராளியின் பக்கம் கண் வைப்பது எல்லாம் ஒரே ஆட்டத்தில் வந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய லாபம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் நர்ஸுக்குத்தான். பக்கவாதம் வந்த ஒரு ஐயா இடதுபக்கக் குழிகளைத் தொடவே மாட்டார். தட்டிலும் இடதுபக்கச் சோறு ஏன் அப்படியே மீந்துபோகிறது என்பது அதைப் பார்த்துதான் பிடிபட்டது. கண்ணில் கோளாறில்லை, மூளை அந்தப் பக்கத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறது. தட்டின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டி, அதைத் தேடிப் பார்க்கப் பழக்கினோம். அதேபோல் நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர் திடீரென்று எண்ணிக்கை தடுமாறினால், வயசாயிடுச்சு என்று விட்டுவிடாமல் சர்க்கரை, காய்ச்சல், சிறுநீர் எல்லாம் பார்க்கிறோம், ஏனென்றால் முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று எரிச்சலே இல்லாமல் வெறும் குழப்பமாக வருவதுண்டு.

காய்க்குப் பெரிய சோழிதான் நல்லது. மறதி நோய் உள்ளவர்கள் எதையும் வாயில் போட்டுக்கொள்வார்கள், சின்ன விதை தொண்டையில் சிக்கும். குன்றிமணி வேண்டவே வேண்டாம், மென்றால் விஷம்.

தாயத்தில் எனக்குப் பிடித்தது, அது பாதி அதிர்ஷ்டம் என்பது. கணக்கு மறந்துபோனவரும் ரிட்டயர்டு வாத்தியாரை ஜெயிக்க முடியும், அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரை முகத்தில் நிற்கும். மூட்டு விறைத்த கைகளுக்குக் கட்டையை உள்ளங்கையில் வைத்து உருட்டுவதே இதமாக இருக்கிறது என்கிறார்கள். சண்டையும் வரும், வரட்டும். கேரம் எங்களுக்குச் சரிப்படவில்லை, பவுடர் தரையில் சிந்தி வழுக்குகிறது.

உட்கார்ந்து ஆடுவது மட்டும் போதாது. 65 வயதுக்கு மேல் வாரத்தில் 3 நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்கும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எழுந்து நிற்க முடிகிறவர்களுக்கு அதைத் தனியாகச் செய்கிறோம். மற்றவர்களை வட்டமாக நாற்காலியில் உட்கார வைத்துப் பலூன் தட்ட விடுகிறோம். பந்தைப் போல வேகமாக வராது, அதனால் கை மெதுவாக எழும்புகிறவருக்கும் எட்டும். வீல்சேர் பிரேக்கைப் போட்டு, பாதம் தரையில் பதிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பலூனை எடுக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

நேரமும் முக்கியம். எங்களுக்குக் காலை டிபன் முடிந்து பத்து மணிவாக்கில்தான் ஒத்துவருகிறது. பார்க்கின்சன் உள்ளவர்களை மாத்திரை வேலை செய்யும் நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவோம். பொழுது சாயும்போது மறதி நோய் உள்ளவர்கள் பதற்றமாகிவிடுவார்கள், அப்போது ஆட்டம் வேண்டாம். "நீ போ கண்ணு, எனக்கு வேண்டாம்" என்று சொல்கிறவரையும் வற்புறுத்தாதீர்கள். பக்கத்தில் நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்க விட்டால் போதும்.

பல்லாங்குழி வாங்கப் போகிறவர்கள் மடக்காத மரப்பலகையாகப் பாருங்கள். குழி ஆழம் குறைவாகவும் அகலமாகவும் இருந்தால் விரல் மடங்காதவர்களும் வழித்து எடுத்துக்கொள்வார்கள்.