தேய்ந்த ஸ்க்ரூவுக்கு அடியா, துளையா?

போன மாதம் கிளட்ச் பிளேட் மாற்றலாம் என்று உட்கார்ந்தேன். வண்டி 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. கிளட்ச் கவரைச் சுற்றியிருந்த ஸ்டார் ஸ்க்ரூக்களில் (தலையில் கூட்டல் குறி மாதிரிக் குழி உள்ளவை) மூன்று மட்டும் அசையவே இல்லை. அதில் ஒன்றின் தலை, எனக்கு முன்னால் யாரோ கைவைத்ததில், கிண்ணம் மாதிரி வழித்துக் கிடந்தது. இரண்டை இம்பாக்ட் டிரைவரால் அடித்துக் கழற்றினேன். மூன்றாவதற்குத் தலையைத் துளைக்க வேண்டியதாயிற்று. ஸ்க்ரூவில் துளை போட்டு உள்ளே இடப்பக்கமாகத் திருகி இழுக்கும் ஈஸி அவுட் பக்கம் போகவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எண்ணெய் அடித்து ஒரு ராத்திரி ஊறவிடுவது எல்லோரும் செய்வதுதான். எந்த முறைக்குப் போனாலும் அது முதலில்.

இந்த ஸ்க்ரூக்கள் தேய்வதற்குத் துரு மட்டும் காரணமில்லை. பழைய ஜப்பான் வண்டிகளில் வருவது ஜேஐஎஸ், அதாவது ஜப்பானியத் தர அளவு வகைக் குழி. பல ஸ்க்ரூக்களில் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் டிரைவர் பார்க்கப் பொருந்துவதுபோல் இருந்தாலும் குழியின் அடிவரை உட்காராது. பலம் கொடுத்தால் முனை மேலே ஏறி, குழியை வழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

இம்பாக்ட் டிரைவர் சரிசெய்வது இதைத்தான். பின்பக்கம் சுத்தியலால் அடித்தால், அந்த அடி முனையைக் குழிக்குள் அழுத்துகிறது. அதே நொடியில் கொஞ்சம் திருப்பவும் செய்கிறது. ஏறிவர இடமே கிடையாது. கழற்றும் பக்கமாக செட் செய்து, கையால் இடப்பக்கம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். ஒரு கிலோ சுத்தியலாவது வேண்டும். சின்னச் சுத்தியலால் பத்துமுறை தட்டினால் குழிதான் கெடும். நறுக்கென்று இரண்டு அடி போதும். கார்புரேட்டர் ஸ்க்ரூவுக்கு மட்டும் இதைக் கொண்டுபோகாதீர்கள், உடம்பே விரிசல் விட்டுவிடும்.

ஆனால் நான் இதன் பக்கம் சாய்வது சுலபம் என்பதற்காக இல்லை, மரைக்காக. ஸ்க்ரூ சில்லறைக் காசு. அது ஏறியிருக்கும் மரை என்ஜின் கேசிங்கில் இருக்கிறது, அது அலுமினியம். இரும்பும் அலுமினியமும் வருடக்கணக்கில் ஈரத்தோடு ஒட்டிக்கிடந்தால், அரிப்பது அலுமினியத்தைத்தான். அந்த வெள்ளைப் பொடிதான் ஸ்க்ரூவை இறுக்கிப் பிடிக்கிறது. அதனால் எந்த முறையையும் நான் ஒரே கேள்வி கேட்டுத்தான் எடைபோடுகிறேன்: ஸ்க்ரூ வந்தபின் மரை மிச்சமிருக்குமா? இம்பாக்ட் டிரைவர் மரையைத் தொடுவதே இல்லை. அதிர்ச்சியில் பொடி உடைகிறது, ஸ்க்ரூ வந்த வழியே திரும்புகிறது. முன்னதாக ஹீட் கன்னால் சுற்றிலும் சூடுபடுத்தினால் இன்னும் நல்லது. இரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டுத்தான்.

தலையைத் துளைப்பது என் இரண்டாவது தேர்வு. எம்6 ஸ்க்ரூவுக்கு, அதாவது தண்டு 6 மில்லிமீட்டர் கனம் உள்ளதற்கு, 6 மில்லிமீட்டர் பிட். நடுவில் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனை உளியால் தட்டிக் குறி வைக்காமல் தொடங்கக்கூடாது. தலை கழன்று விழுந்ததும் கவரின் இறுக்கம் போய்விடும். கவரை எடுத்தால், அதன் கனத்தளவுக்குத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வைஸ் கிரிப்பால் (பிடித்த இடத்தில் பூட்டிக்கொள்ளும் குறடு) பிடித்துத் திருப்பினேன், சண்டையே போடாமல் வந்தது. மரைக்கு ஆபத்தில்லை. பிட் வழுக்கினால் கவரில் தழும்பு விழும், அவ்வளவுதான்.

ஈஸி அவுட் கதை வேறு. அது கூம்பு, உள்ளே போகப்போக ஸ்க்ரூவையே விரித்து மரையோடு இன்னும் இறுக்குகிறது. கருவியோ கடினமான, நொறுங்கும் எஃகு. சில வருடம் முன் வேறொரு வண்டியில் எனக்கு உள்ளேயே முறிந்தது. சாதாரண பிட் அதன்மேல் ஏறவில்லை. பக்கத்தில் இருந்த மெத்தென்ற அலுமினியத்துக்குள் நழுவி ஓட்டையை அகலமாக்கியது. கடைசியில் லேத் பட்டறையில் பெரிதாகத் துளைத்து, புது மரையாக உட்காரும் கம்பிச்சுருளான ஹெலிகாயில் போட்டுத்தான் மீண்டேன். ஸ்க்ரூ துருவால் இறுகாமல் வெறுமனே முறிந்து நிற்கிற இடத்தில் ஈஸி அவுட் வேலை செய்யலாம். இறுகியதற்கு வேண்டாம்.

முறிந்த தண்டின்மேல் நட் வைத்து வெல்டிங் செய்வதை ஒரே ஒருமுறை, பட்டறையில் பக்கத்தில் நின்று பார்த்தேன். அருமையாக வந்தது. ஒரே தடவை பார்த்ததை வைத்துப் பரிந்துரைக்கத் துணிவில்லை.

திரும்பப் பூட்டும்போது எல்லா இடத்திலும் அதே நீளத்தில், தலையில் அறுகோணக் குழியுள்ள ஆலன் போல்ட் போட்டேன், மரையில் கொஞ்சம் ஆன்டி சீஸ் (இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பசை) தடவி. மேக்னெட் பக்கக் கவரில் இன்னும் பழைய ஸ்டார் ஸ்க்ரூக்கள்தான். அதில் ஒன்றின் குழி இப்போதே சந்தேகமாகத்தான் இருக்கிறது.