கரண்ட் போய் வந்தால் காணாமல் போகும் வைஃபை: அமெரிக்க லேப்டாப்புடன் மூன்று வருடம்

பள்ளித் தோழி ஒருத்தி போன வாரம் கேட்டாள்: "என் பையன் டாலஸ்ல இருந்து வர்றான். உன்கிட்ட இருக்கிற அதே லேப்டாப்பை வாங்கிட்டு வரச் சொல்லட்டுமாடி? இப்ப விலை குறைஞ்சிருக்காம்." உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் லேப்டாப் என் தம்பி 2022-ல் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்தது. கீபோர்டைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். நாள் முழுக்கத் தட்டினாலும் விரல் வலிக்காது, ஒரு எழுத்துகூட இன்னும் தேயவில்லை. ₹ குறி அச்சிட்டிருக்காது. ஆனால் இங்கிலீஷ் இந்தியா கீபோர்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு வலதுபக்க ஆல்ட்டோடு 4-ஐ அழுத்தினால் வந்துவிடும். பேட்டரி இன்றைக்கும் இரண்டு வகுப்பு முழுதாகத் தாங்குகிறது. நான் சாயங்காலம் 6 மணிக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு எடுக்கிறவள். எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

வைஃபை வேண்டும். அதில்தான் இரண்டு வருடம் என்னைப் படுத்தி எடுத்தது.

கோவை சரவணம்பட்டியில் அடுக்குமாடி வீடு. வாரக்கணக்கில் ஒழுங்காக ஓடும். திடீரென ஒரு நாள் ஆறு மணிக்குத் திறந்தால் எங்கள் வீட்டு வைஃபையின் பெயரே பட்டியலில் இருக்காது. பக்கத்து வீடு, எதிர் வீடு, மேல் மாடி எல்லாம் வரிசையாகத் தெரியும், நம்முடையது மட்டும் தெரியாது. அதே மேஜையில் என் போனில் முழு சிக்னல். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் காத்திருக்க, போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு வகுப்பை ஆரம்பிப்பேன். அரை மணியில் டேட்டா தீர்ந்துவிடும்.

எல்லோரும் சொல்கிற வைத்தியம் எல்லாம் செய்தேன். சேமித்த வைஃபையை அழித்துவிட்டுப் பாஸ்வேர்டைத் திரும்பப் போடச் சொன்னார்கள். பெயரே வராதபோது எதில் போடுவது? வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்துத் திரும்ப ஏற்றினேன், நெட்வொர்க் ரீசெட் செய்தேன். ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை என்று படித்து, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் நிறுத்தினேன். இணைப்பு கொடுத்த கம்பெனியின் ஆள் வந்து, "மொபைல்ல வருது, டிவியில வருது. அப்ப உங்க லேப்டாப்தான் மேடம்" என்று போய்விட்டார். கடையில் கொடுத்தால், "இங்க நல்லாத்தானே எடுக்குது, உங்க ரவுட்டரை மாத்துங்க" என்றார்கள். சொல்லிவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றி 800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பேருமே தப்பாகச் சொல்லவில்லை என்பது இப்போது தெரிகிறது. ஆனால் ஒருவர்கூட, "பெயர் தெரிஞ்சும் சேரலையா, சேர்ந்தும் நெட் வரலையா, இல்ல பெயரே தெரியலையா?" என்று கேட்கவில்லை. மூன்றும் மூன்று வேறு நோய். முதல் இரண்டுக்கான மருந்தை மூன்றாவதற்குக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடைசியில் இங்கேயே 600 ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி வைஃபை டாங்கிள் (வைஃபை பிடிக்கும் குட்டிக் கருவி) வாங்கிச் செருகினேன். பெயர் தெரிந்தது! ஒரு வருடம் அப்படியே ஓட்டினேன். இருப்பதே இரண்டு யுஎஸ்பி துளை. ஒன்றில் டாங்கிள், ஒன்றில் எழுதும் பேட். மவுஸுக்கு இடமில்லை.

முடிச்சை அவிழ்த்தது என்னிடம் முன்பு படித்து இப்போது பிளஸ் ஒன்னில் இருக்கும் பையன். "மிஸ், சேனல் நம்பர் என்னன்னு பாத்தீங்களா?" என்றான். வைஃபை அலைவரிசையின் எந்தத் துண்டில் ரவுட்டர் ஓடுகிறது என்று சொல்லும் எண் அது. ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் ஆப் ஒன்றைப் போடச் சொன்னான். திறந்தால் திரை முழுக்க வளைவு வளைவாகக் கோடுகள். அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் 1, 6, 11 ஆகிய மூன்று இடங்களில் குன்று குன்றாகக் குவிந்து கிடக்க, எங்களுடையது மட்டும் வலது ஓரத்தில் தனியாக நின்றது. சேனல் 13.

விஷயம் இதுதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற வைஃபை அலைவரிசையில் நம் நாட்டில் 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு. அமெரிக்காவில் விற்கிற கருவிகள் பெரும்பாலும் 11-உடன் நின்றுவிடும். 12, 13-ல் இருக்கும் வைஃபை அவற்றின் கண்ணுக்கே படாது. என் போனும் டிவியும் டாங்கிளும் இங்கே வாங்கியவை, அதனால் அவற்றுக்குத் தெரிந்தது. எங்கள் ரவுட்டர் 2.4 மட்டும் உள்ள பழைய பெட்டி. சேனல் 'ஆட்டோ'வில் இருந்ததால், ஒவ்வொரு முறை அணைந்து எழும்போதும் நெரிசல் இல்லாத இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்துகொண்டது. மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்தும் நாட்களில் வகுப்பு கெட்டது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்த ஒரு நொடியில் ஃபேன் நிற்காது, ரவுட்டர் அணைந்து எழுந்துவிடும்.

போன் பிரவுசரில் 192.168.1.1 என்ற ரவுட்டரின் முகவரியைப் போட்டு, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டால் உள்ளே போனேன். வயர்லெஸ் பகுதியில் ஆட்டோவை எடுத்துவிட்டு 6 என்று வைத்துச் சேமித்தேன். ஒரு நிமிடத்தில் லேப்டாப்பில் எங்கள் வீட்டுப் பெயர் வந்தது. டாங்கிளைப் பிடுங்கிவிட்டும் வகுப்பு ஓடியபோது கண் கலங்கிவிட்டது. 2024 ஜூனில் நடந்தது இது. அதன்பிறகு எத்தனையோ முறை கரண்ட் போய் வந்துவிட்டது, ஒரு நாள்கூட வைஃபை காணாமல் போகவில்லை. 6-ல் கூட்டம் அதிகம் என்பதால் ராத்திரி 9 மணிக்கு மேல் கொஞ்சம் மந்தமாகும். அது பரவாயில்லை.

ஆக, லேப்டாப்பில் பழுது எதுவும் இல்லை. இந்தக் கீபோர்டுக்காகவே நான் இதை யாருக்கும் விற்க மாட்டேன். ஆனாலும் தோழிக்கு என் பதில்: வேண்டாம். அதே மாடலை இங்கேயே பில்லோடு வாங்கு, கூடுதல் விலை ஆனாலும் சரி. அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டி கிடையாது என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த ஊரில் எது ஓடும், எது ஓடாது என்று பெட்டியின் மேல் ஒரு வரி எழுதியிருந்தால் என் பிள்ளைகளுக்கு அத்தனை வகுப்பு போயிருக்காது.

பையன் ஏற்கெனவே வாங்கிவிட்டான் என்றால் திருப்பிக் கொடுக்கச் சொல்லாதே. அவன் வருவதற்கு முன்பே ரவுட்டரில் சேனலை 1, 6, 11-ல் ஏதாவது ஒன்றில் வைத்துவிடு. தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, நானே வந்து வைத்துத் தருகிறேன்.