சமூகவியல் பட்டம்: நீண்ட காலப் பாவனைக்குப் பிறகு

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு என் அக்காவின் மகள் கேட்டிருக்கிறாள்: "சின்னம்மா, கலைப் பீடம் கிடைத்தால் சமூகவியலைச் சிறப்புப்பட்டமாக எடுக்கட்டுமா? நீங்கள் படித்ததுதானே, ஒரு வரியில் சொல்லுங்கள்." எனக்கு ஒரு வரி வரவில்லை. அந்தப் பட்டத்தை வாங்கி ஆண்டுகள் பல ஓடிவிட்டன. அன்றிலிருந்து அதை வைத்துத்தான் கொழும்பில் பிழைக்கிறேன். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு இதே கேள்வியோடு வேறு பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

பொதுப்பட்டம் மூன்று ஆண்டு, சிறப்புப்பட்டம் நான்கு ஆண்டு, கடைசி ஆண்டில் ஆய்வுக்கட்டுரை, இத்துறையின் மூலவர்களான மார்க்ஸ், வேபர், டேர்க்கைம் மூவரிடமிருந்தும் தப்பிக்க முடியாது என்பதெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது. மொழிச் சிக்கலும் தெரிந்ததுதான். தமிழில் படித்துவிட்டு வந்து, ஆங்கிலத்தில் வாசித்து, மாணவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும், சிங்களத்தில் நடக்கும் குப்பி வகுப்பில் விளங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். கடினம்தான், ஆனால் முதல் வருடத்தைத் தாண்டினால் பழகிவிடும். நான் சொல்ல வந்தது வேறு. பட்டம் முடிந்து இத்தனை காலம் கழித்தும் என் கோபத்தைக் கிளறிக்கொண்டே இருக்கும் ஒரு பொருள் இந்தப் படிப்பில் இருக்கிறது. அதன் பெயர் வினாக்கொத்து, வீடு வீடாகக் கொண்டுபோய் நிரப்பும் கேள்விப் படிவம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது உண்மையிலேயே மிக நல்லது.

இரண்டாம் ஆண்டு மானிடவியல் பாடத்தில் உறவுமுறை வரைபடம் வரையச் சொன்னார்கள். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்குச் சமக்குறி, பிள்ளைகளுக்குக் கீழ்நோக்கிய கோடு. எங்கள் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு பக்கமும் சிங்களப் பிள்ளைகள் மறுபக்கமுமாகத்தான் உட்காருவோம். யாரும் அப்படி உட்காரச் சொன்னதில்லை. அன்று விரிவுரையாளர் என் தாளையும் தெற்கே காலி நகரிலிருந்து வந்த ஒரு சிங்கள மாணவியின் தாளையும் பலகையில் அருகருகே ஒட்டினார். அப்பாவின் சகோதரர் அப்பாவின் வரிசையிலேயே நிற்கிறார், அவருடைய பிள்ளைகள் நமக்கு உடன்பிறப்புகள். அம்மாவின் சகோதரர் வேறு வரிசை, அவருடைய பிள்ளைகளைக் கட்டலாம். இரண்டு தாள்களிலும் கோடுகள் ஒரே இடத்தில் பிரிந்து ஒரே இடத்தில் சேர்ந்தன. அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மோர்கன் 1871 இலேயே தமிழ் உறவுமுறையை உலகின் மற்ற முறைகளோடு வைத்து ஒப்பிட்டிருந்தார் என்பதும், மானிடவியலாளர் நூர் யால்மன் 1967 இல் வந்த தன் நூலில் சிங்கள உறவுமுறையும் தென்னிந்திய உறவுமுறையும் ஒரே அமைப்பைச் சேர்ந்தவை என்று விரிவாகக் காட்டினார் என்பதும் நான் பிறகு வாசித்தவை. அன்று நடந்தது அதைவிடப் பெரியது. வகுப்பு முடிந்த பிறகும் அந்தப் பெண்ணும் நானும் வாசலில் நின்று எங்கள் மாமாமார் செய்யும் அட்டகாசங்களைச் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இந்தப் பாடத்துக்கு நான் வாழ்நாள் முழுக்க நன்றி சொல்வேன்.

இந்தப் படிப்பின் உயிர் மனிதர்களின் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்பதில் இருக்கிறது. இந்தியச் சமூகவியலாளர் எம். என். ஸ்ரீநிவாஸ் 1948 இல் மைசூருக்கு அருகே ஒரு கிராமத்தில் தங்கியிருந்து சேர்த்த குறிப்புகளைப் பல ஆண்டுகள் வகைப்படுத்தி வைத்திருந்தார். 1970 இல் ஸ்டான்ஃபோர்டில் அவர் வேலை செய்த இடத்துக்கு யாரோ தீ வைத்ததில் அந்த உழைப்பெல்லாம் சாம்பலாயிற்று. பிறகு அந்தக் கிராமத்தைப் பெரும்பாலும் நினைவிலிருந்து எழுதினார். 1976 இல் வந்த அந்த நூலை மாணவர்கள் இன்றும் வாசிக்கிறார்கள். ஆழ்ந்து கேட்ட மனிதரிடம் தாள் எரிந்தாலும் கிராமம் மிஞ்சும். இந்தக் கதையை எங்களுக்குச் சொன்ன அதே ஆண்டில்தான் கையில் வினாக்கொத்தையும் கொடுத்தார்கள்.

ஆய்வு முறையியல் பாடத்துக்காக எங்களை மட்டக்குளிக்கு அனுப்பினார்கள். களனி கங்கை கடலில் விழும் பக்கம், தோட்டம் என்று சொல்லப்படும் நெருக்கமான குடியிருப்பு. 155 பஸ்ஸில் போய் இறங்கினோம். முதற் பக்கத்து முதற் கேள்வி: குடும்பத் தலைவரின் பெயர். எனக்குக் கதவைத் திறந்தவர் நடுத்தர வயதுப் பெண். கணவர் கட்டாரில். மின்சாரக் கட்டணம் மாமியார் பெயரில் வருகிறது. வீட்டுக்கென்று இருக்கும் ஒரே அட்டை இறந்துபோன மாமனார் பெயரில். அடுப்பை எரியவைப்பது இவர் விடியுமுன் எழுந்து அவித்து ஜம்பட்டா வீதிக் கடைகளுக்குக் கொடுக்கும் இடியப்பம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "இதில் யாரை எழுதப் போகிறீர்கள் பிள்ளை?" என்று கேட்டார். மாத வருமானம் என்ற கேள்விக்கு, "எந்த மாதத்து வருமானம்?" என்றார். சித்திரையிலும் மார்கழியிலும் விற்பனை ஏறும், நோன்பு மாதத்தில் சில கடைகள் எடுக்காது, மழை பிடித்தால் பாதியும் திரும்பி வரும். வினாக்கொத்தில் இருந்தது ஒரு பெட்டி.

அடுத்த கேள்வி சேமிப்பு. வங்கி, கூட்டுறவுச் சங்கம், வேறு. அவர் உள்ளே போய் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்து வந்தார். முன்பக்கத்தில் மகனின் கணக்குப் பாடம், பின்பக்கத்திலிருந்து அந்த ஒழுங்கைப் பெண்களின் சீட்டுக் கணக்கு. 10 பேர், ஆளுக்கு 5,000 ரூபாய், மாதம் ஒருவர் 50,000 எடுப்பார். யாருக்கு எந்த மாதம் என்பது குலுக்கலில் விழும். ஆனால் ஒருத்தியின் மகள் பெரியபிள்ளையானாலோ, வெளிநாடு போக முகவருக்குப் பணம் கட்ட வேண்டி வந்தாலோ, முறை விழுந்தவள் விட்டுக்கொடுப்பாள். அப்படி விட்டுக்கொடுத்தவள் பிறகொருநாள் கேட்டால் யாரும் மறுக்க முடியாது. ஒவ்வொரு விட்டுக்கொடுப்புக்கும் பெயரிலிருந்து பெயருக்குச் சிவப்புப் பேனையால் ஓர் அம்புக்குறி போட்டிருந்தார். கொடுப்பது, ஏற்றுக்கொள்வது, திருப்பித் தருவது என்ற மூன்று கடமைகளால் சமூகம் பின்னப்பட்டிருப்பதாக பிரெஞ்சுச் சமூகவியலாளர் மார்செல் மோஸ் 1925 இல் எழுதியதை நாங்கள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தோம். அது முழுவதும் அந்த அம்புக்குறிகளில் கிடந்தது. இடம் போதாமல் வினாக்கொத்தின் முதுகுப் பக்கம் முழுவதையும் நிரப்பிக் கொடுத்தேன். தாள் திருத்தப்பட்டுத் திரும்பி வந்தபோது பின்பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு. "தரவு அல்ல. 'வேறு' என்பதில் சரி அடையாளம் போதும்" என்று எழுதியிருந்தது.

அந்தக் கோட்டை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

எண்களே கூடாது என்று சொல்ல மாட்டேன், அது நியாயமில்லை. டேர்க்கைம் 1897 இல் தற்கொலையைப் பற்றி எழுதியது அரச புள்ளிவிபரங்களை வைத்துத்தான். நம் நாட்டிலேயே இதற்கு உருக்கமான சான்று இருக்கிறது. 1995 இல் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்ற அளவில் தற்கொலைகள் நடந்தன, உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. வீடு வீடாக உட்கார்ந்து கேட்டிருந்தால் காதல், கடன், குடி என்று வீட்டுக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். அட்டவணைகளை அடுக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் விவசாய நச்சு மருந்துகளின் பங்கு தெரிந்தது. மிகக் கொடியவற்றை 1995 இலும் எண்டோசல்ஃபானை 1998 இலும் தடை செய்தார்கள். 2005 அளவில் வீதம் ஏறத்தாழப் பாதியாகியிருந்தது. அத்தனை உயிர்களைக் காப்பாற்றிய எண்களை நான் வணங்குகிறேன். நம் மண்ணில் பிறந்து ஹார்வர்ட் வரை போன மானிடவியலாளர் ஸ்டான்லி தம்பையாவும் தொடக்கத்தில் ஈடுபட்டது கணக்கெடுப்பில்தான். கண்டிப் பகுதிக் கிராமங்களைப் பற்றி அவரும் என். கே. சர்க்கார் என்பவரும் சேர்ந்து எழுதிய அறிக்கை 1957 இல் வெளிவந்தது.

என் கோபம் வரிசையின் மேல். யாரோடும் பேசுவதற்கு முன்பே கேள்விகள் தயாராகிவிடுகின்றன. எங்கள் வினாக்கொத்து முந்திய பட்ச்காரர்களுடையது, திகதியை மட்டும் மாற்றிப் பிரதி எடுத்தது. மட்டக்குளி ஒழுங்கையில் நின்றுகொண்டு "உழவு இயந்திரம் உண்டா? வயல் எத்தனை ஏக்கர்?" என்று கேட்க வேண்டியிருந்தது. ஏதோ ஒரு கிராமத்துக்காக எழுதியதை இழுத்து வந்து கொழும்பின் மேல் போர்த்தியிருந்தார்கள்.

இந்தக் கிராமப் பற்றும் பழையதுதான். பிரித்தானிய மானிடவியலாளர் எட்மண்ட் லீச் 1954 இல் இலங்கையின் வடமத்தியப் பகுதியில் ஒரு குளத்தையும் அதைச் சுற்றிய வயல்களையும் உறவுகளையும் ஆராய்ந்து 1961 இல் எழுதிய நூல் அருமையானது. அதை வாசிக்காமல் யாரும் பட்டம் பெறக்கூடாது என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் பிறகு களம் என்றாலே குளமும் வயலும் என்று ஆகிவிட்டது. நான் படித்த காலத்தில் கொழும்பைக் களமாக எடுத்த வாசிப்பு மிகக் குறைவு. மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகரவும் பௌத்த ஆய்வாளர் ரிச்சர்ட் கொம்ரிச்சும் 1988 இல் எழுதிய நூல் ஒரு விதிவிலக்கு. நகரத்து மக்கள் காளியிடமும் கதிர்காமத்தானிடமும் எதற்காகப் போகிறார்கள் என்று அதில் கேட்டிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் வாசலில் நின்று பாருங்கள், அங்கே எல்லாச் சமயத்தவரும் மெழுகுதிரியோடு நிற்பார்கள். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜ்களில், அதாவது மலிவான தங்குவிடுதிகளில், தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி நகரை விட்டு அனுப்பினார்கள், மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. லொட்ஜ் என்ற இடம் எங்கள் ஆட்களுக்கு என்னவாக இருந்தது, அங்கே யார் யாருக்குச் சமைத்தார்கள், கடிதம் யார் முகவரிக்கு வந்தது என்பதையெல்லாம் உட்கார்ந்து கேட்க வேண்டிய துறை இது. எங்களைக் கேட்கச் சொன்னதோ உழவு இயந்திரத்தைப் பற்றி.

படிப்பு முடிந்தால் வினாக்கொத்தும் முடிந்துவிடும் என்று நம்பினேன். வேலையும் அதுதான். இப்போது தாளுக்குப் பதில் கையடக்கக் கணினி. பெட்டியை நிரப்பாமல் அடுத்த கேள்விக்குப் போகவே விடாது, முதுகுப் பக்கமும் கிடையாது. இதைப் படிப்பறைச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. 2023 இல் தொடங்கிய அரசின் அஸ்வெசும நலன்புரித் திட்டம் 22 குறிகாட்டிகளை வைத்துத்தான் யாருக்கு உதவி, எவ்வளவு என்று தீர்மானிக்கிறது. முதல் பட்டியல் வந்தபோது மேன்முறையீடுகள் குவிந்ததை நாடே பார்த்தது. ஒரு வீட்டின் நிலைமையை எந்தக் கேள்விகளால் பிடிப்பது என்பதில் இப்போது சோறு தங்கியிருக்கிறது. அந்தக் கேள்விகளை எழுதும் மேசையில் இடியப்பக்காரப் பெண்ணின் கொப்பியைப் பார்த்த ஒருவராவது இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களை உருவாக்கக்கூடிய படிப்பு இது ஒன்றுதான். அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

சம்பளத்தைப் பற்றிச் சுருக்கமாக: கிடைக்கும், ஆனால் நிலையாக இராது. திட்டம் இருக்கும்வரை ஒப்பந்தம், திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். வீட்டு வாடகை அதுவரை காத்திருப்பதில்லை.

பிள்ளை, என் முடிவைக் கேட்டால், சிறப்புப்பட்டமாக எடுக்காதே. பொதுப்பட்டத்தில் ஒரு பாடமாக எடு, கூடவே பொருளியலோ புள்ளிவிபரவியலோ படி. உன் அம்மா தனியாக உன்னையும் தம்பியையும் பார்க்கிறாள், உனக்கு நிலையான வேலை வேண்டும். நான் இன்று மறுபடி உன் வயதுக்குத் திரும்பினால் எதை எடுப்பேன் என்று கேட்டால், இதையேதான், சிறப்புப்பட்டமாகத்தான். இரண்டையும் மனதாரச் சொல்கிறேன். இந்த வாரம் மேசையில் இருக்கும் படிவம் இத்தனை மோசமாக இல்லாதிருந்தால் உனக்கும் வேறு பதில் சொல்லியிருப்பேனோ என்னவோ.

என் பேச்சைக் கேட்காமல் எடுக்கத்தான் போகிறாய் என்றால், இந்தச் சில மாதங்களை வீணாக்காமல் சிங்களம் படி. பரீட்சை எழுதும் சிங்களம் போதாது. ஒரு வயதான அம்மா கோபத்திலும் அழுகையிலும் பேசுவதை இடைமறிக்காமல் விளங்கிக்கொள்ளும் அளவுக்கு வேண்டும். அது இல்லாவிட்டால் இந்த நகரத்தில் பாதிப் பேரிடம் உன்னால் எதையும் கேட்க முடியாது. பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வந்தவுடன் அழை, விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்புவோம்.