கடன் ஆலோசனை யாருக்குப் பயன்படும்? பாலக்கோட்டிலிருந்து இரண்டரை ஆண்டு அனுபவம்

பாலக்கோடு சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து மார்க்கெட்டுக்குத் தக்காளிப் பெட்டி ஏற்றிச் செல்லும் குட்டியானை ஒன்றை ஓட்டி வருகிறேன். 2022 ஆகஸ்டில் எனக்கிருந்த கடன் 4,86,000 ரூபாய். வண்டிக் கடனில் 2,10,000, கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் 96,000, கிரெடிட் கார்டில் 80,000, கைப்பேசி செயலி ஒன்றின் வழியாக வாங்கியது 60,000, மனைவி பெயரில் குழுக் கடன் 40,000. மாதம் 21,800 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. டீசல் போக என் கையில் சராசரியாக நின்றது 24,000. தக்காளி விலை சரிந்து தோட்டத்திலேயே பறிக்காமல் விட்டுவிடும் மாதங்களில் 15,000 கூடத் தேறாது.

ஆலோசனைக்குப் போவதற்கு முன்பே ஒரு தவறு செய்திருந்தேன். கார்டு கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம் என்று சொன்ன ஒரு தனியார் நிறுவனத்துக்கு 12,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். தவணை கட்டுவதை நிறுத்துங்கள், வங்கி தானாக இறங்கி வரும் என்றார்கள். நான்கு மாதம் கட்டவில்லை. தாமதக் கட்டணம் ஏறியதும் வசூல் அழைப்புகள் தொடங்கியதும்தான் மிச்சம். அப்படியே குறைத்து முடித்திருந்தாலும், நம் கடன் வரலாற்றைக் காட்டும் கடன் அறிக்கையில் (சிபில் போன்றது) அந்தக் கணக்கு ‘முழுவதும் கட்டி முடிக்கப்பட்டது’ என்று பதிவாகாமல் ‘செட்டில்டு’ என்றே பதிவாகும், அடுத்த கடன் கேட்கும்போது வங்கிகள் அதைத்தான் முதலில் பார்க்கும் என்பதை அவர்கள் சொல்லவே இல்லை. பலரும் கடன் ஆலோசனை என்று நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். இரண்டும் வேறு வேறு.

நான் பிறகு போனது தருமபுரியில் முன்னோடி வங்கி (மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் வங்கி) நடத்தும் நிதிசார் கல்வி மையத்துக்கு. ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலில் நடக்கும் இத்தகைய மையங்களில் கட்டணம் எதுவும் கிடையாது. வங்கிப் பணியில் ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். பாஸ்புக், கார்டு பில், நகை அடகுச் சீட்டு, குழுவின் அட்டை எல்லாவற்றையும் மேசையில் பரப்பச் சொல்லி, ஒரு நீள நோட்டில் கோடு போட்டு அசல், வட்டி, தவணை, கடைசித் தேதி என்று தாமே எழுதினார். செயலிக் கடனை எழுதும்போது பேனாவை நிறுத்திவிட்டு, “தம்பி, இது வீட்டுல தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். அடுத்த வாரம் மனைவியையும் அழைத்து வாருங்கள், அதுவரை இதற்கு மேல் பேசுவதில் பயனில்லை என்று அனுப்பிவிட்டார். அன்று அவர்மீது வருத்தம்தான் வந்தது. ஆனால் வீட்டில் சொல்லாமல் ஒரு கடனையும் தீர்த்திருக்க முடியாது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

இரண்டாம் முறை போனபோது அவர் காட்டிய கணக்கு இன்றும் என் மனதில் நிற்கிறது. கார்டுக்கு மாதம் மூன்றரை வட்டி. ஊரில் ஒருவர் அந்த வட்டிக்குப் பணம் கொடுத்தால் வாங்க யோசிப்போம். 80,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 2,800, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 504, ஆக 3,304. நான் பொறுப்பாகக் கட்டுவதாக நினைத்திருந்த குறைந்தபட்சத் தொகை 4,000. அதில் அசலில் கழிந்தது 696 ரூபாய் மட்டுமே. அதே 80,000 ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் 24 தவணையாக மாற்றப்பட்டால் மாதத் தவணை ஏறத்தாழ அதே 4,000தான்; ஆனால் இரண்டு ஆண்டில் கடன் முடிந்துவிடும். வங்கி உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஆலோசகர் சொல்வதற்கு வங்கி கட்டுப்பட்டதில்லை, அவர் கடிதம் எழுத உதவுவார், அவ்வளவே. நிலுவையைக் கட்டி, மேலும் இரண்டு மாதம் தவறாமல் கட்டிய பிறகுதான், நவம்பரில் மாற்றித் தந்தார்கள்.

அந்த நிலுவைக்கும் செயலிக் கடனுக்கும் பணம் வந்தது மனைவியின் இரண்டு பவுன் வளையலிலிருந்து. அடகு வைத்தால் வட்டி ஒன்று கூடும், விற்றுவிடுவோம் என்று முடிவெடுத்தவர் அவரே. 74,000 ரூபாய் கிடைத்தது. இன்றைய பவுன் விலையைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது. இருந்தாலும் 60,000 ரூபாய் அன்றே அடைந்து, மாதம் 6,200 ரூபாய் தவணை நின்றதால்தான் மற்ற நான்கையும் என்னால் தவறாமல் கட்ட முடிந்தது.

ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கையைப் பார்க்கும் பழக்கமும் அவர் ஏற்படுத்தியதுதான். 2024 மே மாதம் பார்த்தபோது, எப்போதோ அடைத்த ஒரு கடன் இன்னும் நிலுவையில் இருப்பதாகக் காட்டியது. புகார் செய்தேன், சரியாகிவிட்டது. 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது.

சம்பளமோ தொழில் வருமானமோ ஏதாவது வந்துகொண்டிருந்து, கடனில் பெரும்பகுதி வங்கியிலும் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களிலும் இருந்தால், இரண்டு தவணை தவறுவதற்கு முன்பே கடன் ஆலோசனைக்குப் போவது நல்லது. வருமானமே நின்றுவிட்டவருக்கு நோட்டில் போடும் கணக்கு உதவாது. கந்துவட்டியிலும், நேரம் ஓட ஓட ஏறும் மீட்டர் வட்டியிலும் சிக்கியவருக்கு அது போகவேண்டிய இடமே இல்லை. அவருக்கு 2003ஆம் ஆண்டின் அதீத வட்டி தடைச் சட்டம் இருக்கிறது, காவல் துறையிடம்தான் முறையிட வேண்டும். வங்கியின் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ அழைத்தால் அதுவும் ரிசர்வ் வங்கி விதிக்கு எதிரானது. தேதி, நேரத்தோடு குறித்து வைத்து முதலில் வங்கிக்கு எழுதுங்கள், 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம்.

கார்டு தவணை 2024 அக்டோபரில் முடிந்தது. குழுக் கடனும் தீர்ந்தது. வண்டிக் கடன் சென்ற மாதம் முடிந்து, தடையின்மைச் சான்றும் கைக்கு வந்துவிட்டது, ஆர்.சி. புத்தகத்திலிருந்து நிதி நிறுவனத்தின் பெயரை நீக்க விண்ணப்பித்திருக்கிறேன். நகை இன்னும் கூட்டுறவு வங்கியில்தான் இருக்கிறது. வண்டித் தவணைக்குப் போன 8,400 ரூபாயை இந்த மாதம் முதல் அதற்குக் கட்டுகிறோம்.