கார் இதழ் படிக்க ஏற்றது அச்சா, டேப்லெட்டா?

1895ஆம் ஆண்டு பிரிட்டனில் தொடங்கப்பட்ட 'ஆட்டோகார்' போன்ற இதழ்களை அச்சிலும் 9.7 அங்குல ஐபேடிலும் மாறி மாறிப் படித்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: படம் பார்க்கத் தாளே சிறந்தது. அந்த ஐபேடின் திரை ஏறத்தாழ 148க்கு 197 மில்லிமீட்டர்; ஏ4 தாளின் பரப்பில் பாதிகூடத் தேறாது. இரு பக்கங்களை நிறைத்து ஒரு கார் வளைவில் திரும்பும் படத்தை முழுமையாகக் காண வேண்டுமெனில் கருவியைக் கிடைமட்டமாகத் திருப்ப வேண்டும். உடனே அருகிலுள்ள எழுத்துகள் எறும்புகளைப் போல் சுருங்கிவிடுகின்றன. தாளிலோ, கதவின் கைப்பிடி நடுமடிப்புக்குள் மறைந்தாலும், வண்ணப்பூச்சின் மினுமினுப்பில் கண் நிலைத்துவிடுகிறது.

சோதனை ஓட்ட அட்டவணைகளுக்கு டேப்லெட்தான் வசதி. 100 கி.மீ. வேகத்தை எட்ட ஆகும் நொடிகளைச் சொல்லும் பொடி எழுத்தை இரு விரல்களால் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

எனக்குள்ள மனக்குறை வேறு. நான் பணம் கட்டிப் படித்துவந்த வேறோர் இதழின் பழைய பிரதிகள் அனைத்தும், சந்தா முடிந்ததும் செயலியில் பூட்டப்பட்டுவிட்டன. பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய அச்சுப் பிரதிகள் இன்றும் என் அலமாரியில் இருக்கின்றன. ஆகவே, சேர்த்துவைக்க விரும்பும் இதழுக்கு அச்சுச் சந்தாவே கட்டுங்கள்.