விண்ட்சரிலிருந்து தெரியும் டெட்ராய்ட், டெட்ராய்ட்டிலிருந்து தெரியாத விண்ட்சர்

2024 நவம்பர், தேங்க்ஸ்கிவிங் வியாழக்கிழமை. மிச்சிகனில் ட்ராய் என்ற ஊரில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜை. அதிபர் தேர்தல் முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்ததால் பேச்சு அதையே சுற்றிக்கொண்டிருந்தது. பென்சில்வேனியாவுக்கு எத்தனை எலெக்டோரல் வாக்குகள் என்று அத்தான் யோசிக்க ஆரம்பிப்பதற்குள், "பத்தொன்பது, மாமா" என்றாள் என் மகள். பதின்மூன்று வயது. படிப்பது கனடாவில். அவளைவிட இரண்டு வயது மூத்த அக்கா மகன் என் பக்கம் திரும்பி, கிண்டல் துளியும் இல்லாமல் கேட்டான்: "மாமா, உங்க நாட்டுக்கும் பிரசிடென்ட் உண்டா, இல்ல ராணி மட்டும்தானா?" ராணி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வகுப்பில் முதல் மூன்று இடங்களுக்குள் வருகிற பையன் அவன். எல்லை அவன் வீட்டிலிருந்து அரை மணி நேரக் கார் பயணம்.

அன்றிரவு சுரங்கப்பாதை வழியாகத் திரும்பும்போது மகளிடம் கேட்டேன்: "கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தின் முதல்வர் யார்?" பதில் வரவில்லை.

நான் மிச்சிகனில் ஆறு வருடம் இருந்தேன். ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிரீன் கார்டு கிடையாது என்ற சட்டத்தால் வரிசை நீண்டுகொண்டே போனது. 2016ல், ஆற்றுக்கு இக்கரையில் டெட்ராய்ட்டுக்கு நேர் எதிரே கனடாவில் இருக்கும் விண்ட்சருக்குக் குடிபெயர்ந்தேன். இரண்டு பக்கமும் வரி கட்டியிருக்கிறேன், இரண்டு பக்கமும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு சமூகங்களும் ஒன்றையொன்று எப்படிப் பார்க்கின்றன என்று எழுத அந்தப் பழக்கம் போதும் என்று நினைக்கிறேன்.

அமெரிக்கர்களுக்குக் கனடாவைத் தெரியாது, கனடியர்களுக்கு அமெரிக்கா அத்துப்படி. இதைக் கனடாவில் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். அது உண்மையும்கூட. ஆனால் ஓயாமல் தெற்கே பார்த்துக்கொண்டே இருப்பதால் கனடியர்கள் இழந்தது எவ்வளவு என்பதை யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

முதலில் கணக்கு. அங்கே 34 கோடிப் பேர், இங்கே 4 கோடிச் சொச்சம். கனடியர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் வாழ்கிறார்கள். 2024ல் ஏற்றுமதியில் சுமார் முக்கால் பங்கு போனது அமெரிக்காவுக்குத்தான். 1969ல் வாஷிங்டனில் பேசிய பிரதமர் பியர் ட்ரூடோ, உங்கள் பக்கத்தில் வாழ்வது யானையின் பக்கத்தில் படுத்துத் தூங்குவது போன்றது, அது எவ்வளவு சாதுவாக இருந்தாலும் ஒவ்வொரு அசைவும் முனகலும் நம்மைப் பாதிக்கும் என்றார். பக்கத்தில் படுத்திருப்பவன் விழித்தே இருப்பான். யானை நிம்மதியாகத் தூங்கும். இதில் யார் மீதும் குற்றமில்லை.

ஆனால் விழித்திருப்பவனுக்கு ஒரு கட்டத்தில் தன் வீடே மறந்துபோகிறது. 2022 பிப்ரவரியில் ஒட்டாவாவை லாரிகள் முற்றுகையிட்ட போராட்டத்தில் சிலர் கைதானார்கள். அதை ஒட்டிய பிணை விசாரணையில் ஒருவர் தனக்கு "ஃபர்ஸ்ட் அமெண்ட்மென்ட்" உரிமை உண்டு என்று வாதாட, அப்படியென்றால் என்ன என்று நீதிபதியே கேட்க வேண்டியதாயிற்று. அது அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம். கனடாவில் பேச்சுரிமையைத் தருவது 1982ஆம் ஆண்டின் உரிமைச் சாசனம். அதன் முதல் பிரிவே, நியாயமான வரம்புகளுக்கு உட்பட்டுத்தான் இந்த உரிமைகள் என்கிறது. வெறுப்புப் பேச்சைத் தண்டிக்கும் சட்டம் செல்லும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 1990ல் தீர்ப்பளித்ததும் இந்த வரியை வைத்துத்தான். தன் நாட்டின் தலைநகரில், தன் அரசை எதிர்த்துப் போராடுகிற ஒருவர் பக்கத்து நாட்டுச் சட்டத்தை நம்பி நிற்கிறார். எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது வருத்தமாகவே இருந்தது.

மருத்துவத்துக்கு வருகிறேன். இரண்டு நாடுகளும் மோதிக்கொள்ளும் முதல் இடம் இது.

சராசரிக் கனடியரிடம் "நீங்கள் எந்த வகையில் அமெரிக்கரிடமிருந்து வேறுபட்டவர்?" என்று கேட்டால், பெரும்பாலும் முதலில் வருவது ஆஸ்பத்திரிதான். என் மகளுக்கு முதல்வர் பெயர் தெரியாத அதே சஸ்காட்செவனில்தான் அந்தப் பெருமை பிறந்தது. அந்த மாகாண முதல்வராக இருந்த டாமி டக்ளஸ் விதைத்த பொது மருத்துவக் காப்பீடு 1962 ஜூலையில் அங்கே அமலுக்கு வந்தது. மருத்துவர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு திட்டத்தைக் கைவிடவில்லை. 1966ல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. 2004ல் ஒளிபரப்பு நிறுவனமான சிபிசி நடத்திய வாக்கெடுப்பில், எக்காலத்துக்குமான மிகச் சிறந்த கனடியராக மக்கள் தேர்ந்தெடுத்தது டக்ளஸை.

அமெரிக்கர் இதை எப்படிப் பார்க்கிறார்? தன் வீட்டுச் சண்டைக்கான சாட்சியாக மட்டுமே பார்க்கிறார். 2009ல் ஒபாமாவின் காப்பீட்டுத் திட்டம் விவாதத்தில் இருந்தபோது, ஒன்டாரியோவில் காத்திருக்க முடியாமல் அமெரிக்கா வந்து பிழைத்தேன் என்று ஒரு பெண் சொல்லும் விளம்பரம் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் ஓடியது. வலதுசாரிகளுக்குக் கனடா என்றால் க்யூ. 2019 ஜூலையில் பெர்னி சாண்டர்ஸ் சர்க்கரை நோயாளிகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு டெட்ராய்ட்டிலிருந்து எங்கள் விண்ட்சருக்கே வந்து, மருந்துக்கடையில் இன்சுலின் வாங்கிக் காட்டினார். அமெரிக்க விலையில் பத்தில் ஒரு பங்கு. இடதுசாரிகளுக்குக் கனடா என்றால் சொர்க்கம். இன்சுலின் 1921ல் டொரான்டோவில் கண்டுபிடிக்கப்பட்டது, அதன் காப்புரிமை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுக்கப்பட்டது என்பதையெல்லாம் நினைத்தால், அந்த பஸ்ஸில் வந்தவர்களின் நிலைமை மனதைப் பிசைகிறது.

இரண்டு படங்களும் பாதி உண்மை. மிச்சிகனில் மகளுக்கு மூன்று வயதில் கை முறிந்தது. ஒன்றரை மணி நேரத்தில் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள், கவனிப்பில் ஒரு குறையும் இல்லை. பிறகு ஐந்து மாதங்களுக்குத் தபால் வந்தது. ஆஸ்பத்திரி பில் ஒன்று, டாக்டர் பில் ஒன்று, எக்ஸ்ரே பார்த்தவர் பில் ஒன்று, நான் பார்த்தே இராத ஒருவரிடமிருந்து இன்னொன்று. நல்ல கம்பெனி இன்ஷூரன்ஸ் இருந்தும் டிடக்டிபிள், அதாவது இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்குமுன் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை, முழுவதையும் கட்டி முடித்தேன். விண்ட்சரில் மனைவியின் முழங்கால் ஸ்கேனுக்கு ஒரு பைசா செலவில்லை. ஏழு மாதம் காத்திருந்தோம். படியேற முடியாமல் அவள் மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிய ஏழு மாதம். இரண்டில் எது மேல் என்று கேட்டால் விண்ட்சர் என்றே சொல்வேன். பணத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதைவிடக் காத்திருப்பது மேல். அமெரிக்கா தன் மொத்த உற்பத்தியில் 17 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குச் செலவழித்தும் அங்கே ஆயுள் கனடியரைவிடச் சில வருடங்கள் குறைவு.

ஆனால் இந்தப் பதிலோடு கனடியர்கள் திருப்தியடைந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் குறை. "அமெரிக்காவைவிடப் பரவாயில்லை" என்ற ஒரு வாக்கியம் இங்கே எல்லாப் புகாரையும் அடக்கிவிடுகிறது. காமன்வெல்த் ஃபண்ட் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு 2021ல் 11 பணக்கார நாடுகளின் மருத்துவ அமைப்புகளை ஒப்பிட்டது. கடைசி இடம் அமெரிக்காவுக்கு. கடைசிக்கு முந்தைய இடம் கனடாவுக்கு. நார்வேயும் நெதர்லாந்தும் ஆஸ்திரேலியாவும் முதல் மூன்று இடங்களில். நெதர்லாந்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிற கனடியர் ஒருவரை என் அலுவலகத்தில் நான் சந்தித்ததே இல்லை. 2022ல் ஐந்தில் ஒரு பெரியவருக்கு மேல் ஃபேமிலி டாக்டர் இல்லாதிருந்த நாடு இது. வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையனோடு மட்டும் மார்க்கை ஒப்பிட்டுக்கொண்டு வீட்டுக்கு வரும் பிள்ளையை நம் வீடுகளில் யாரும் பாராட்ட மாட்டார்கள்.

நிற விவகாரத்தில் இந்தத் திருப்தி இன்னும் ஆழம். விண்ட்சர் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் ஒரு வெண்கலச் சிற்பம் உண்டு. அமெரிக்காவில் அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஆற்றைக் கடந்து வந்த குடும்பம், கைகளை வானத்துக்கு உயர்த்தி நிற்கிறது. இதன் ஜோடி எதிர்க்கரையில், டெட்ராய்ட்டில். அங்கே நிற்பவர்கள் இக்கரையைப் பார்த்துக் கிளம்பக் காத்திருக்கிறார்கள். 2001ல் இரண்டையும் செய்தவர் எட் டுவைட் என்ற கறுப்பின அமெரிக்கச் சிற்பி. சுமார் 30,000 பேர் இப்படிக் கனடா வந்து சேர்ந்தார்கள் என்பது கணக்கு. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுகிறார்கள், காட்டத்தான் வேண்டும்.

காட்டாத ஒன்றும் உண்டு. இதே ஆற்றை அடிமைகள் எதிர்த்திசையிலும் கடந்தார்கள். 1793ல் மேல் கனடா (இன்றைய ஒன்டாரியோ) கொண்டுவந்த சட்டம் புதிதாக அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடுத்ததே தவிர, ஏற்கெனவே இருந்தவர்களை விடுவிக்கவில்லை. மிச்சிகன் பகுதியிலோ 1787ஆம் ஆண்டுச் சட்டப்படி அடிமை முறைக்கு இடமில்லை. ஆகவே கனடாவிலிருந்து டெட்ராய்ட்டுக்கு ஓடினார்கள். 1807ல் கனடிய எஜமானர்கள் ஆட்களைத் திருப்பிக் கேட்டபோது, டெட்ராய்ட் நீதிபதி அகஸ்டஸ் உட்வர்ட் தர முடியாது என்றார். அதே ஆண்டு, பழைய ஒப்பந்தம் ஒன்றின்படி டெட்ராய்ட்டில் அடிமைகளாகவே நீடிக்க வேண்டும் என்று அதே நீதிபதியால் சொல்லப்பட்ட டெனிசன் குடும்பப் பிள்ளைகள் கனடாப் பக்கம் ஓடிவந்தார்கள். ஒரே ஆறு, ஒரே ஆண்டு, இரண்டு பக்கமும் படகுகள். பள்ளிக்கூடத்தில் பாதியை மட்டும் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் எப்படி வளரும்? சுமார் 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்து, அதில் கடைசிப் பள்ளியை 1990களில்தான் மூடிய நாடு இது. அந்த உண்மை இங்கே பொதுப் பேச்சாக 2015ல் விசாரணை ஆணையத்தின் அறிக்கை வர வேண்டியிருந்தது. இனவெறி என்றாலே அது தெற்கே நடப்பது என்று பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தது தெரியவில்லை.

துப்பாக்கி பற்றி நீட்ட வேண்டியதில்லை. கனடியர் சொல்வதே சரி. 2020ல் நோவா ஸ்கோஷியாவில் 22 பேர் கொல்லப்பட்ட சில நாட்களிலேயே தாக்குதல் ரகத் துப்பாக்கிகளுக்குத் தடை வந்தது. அமெரிக்காவில் அது நடக்காது. அதே சமயம் டெட்ராய்ட் என்றாலே கொலை என்று என் விண்ட்சர் நண்பர்கள் இன்னும் பயப்படுவது பழைய கதை. 2023ல் அங்கே 252 கொலைகள். அதிகம்தான், ஆனால் 1966க்குப் பிறகு அந்த ஆண்டு வரை அதுவே மிகக் குறைவு.

அமெரிக்கர் கண்ணில் சரியாகப் படுகிற ஒன்றையும் சொல்ல வேண்டும். அவரைக் கேட்டால் கனடா குளிரான, மரியாதையான, கொஞ்சம் மந்தமான இடம். மந்தம் என்ற சொல்லில் உண்மை இருக்கிறது. அமெரிக்க இராணுவப் பணத்தில் ஆராய்ச்சி செய்ய விருப்பமில்லாமல் 1987ல் டொரான்டோ வந்தார் ஜெஃப்ரி ஹின்டன். இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு அடித்தளமான, அன்று யாரும் நம்பாத அவருடைய நியூரல் நெட்வொர்க் ஆராய்ச்சியைக் கனடா கால் நூற்றாண்டு சோறு போட்டு வளர்த்தது. அவரும் இரண்டு மாணவர்களும் தொடங்கிய கம்பெனியை 2013ல் வாங்கியது கூகுள். விதைப்பது இங்கே, அறுப்பது அங்கே. பெட்ரோல் பங்கில் முன்பின் தெரியாதவர் "என்ன செய்யறீங்க, எங்கிருந்து வந்தீங்க" என்று பேச்சுக் கொடுப்பது எனக்கு மிச்சிகனில் வாரம் ஒருமுறை நடக்கும். விண்ட்சரில் எல்லோரும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், நன்றி சொல்வார்கள், வீட்டுக்குள் கூப்பிட நான்கு வருடம் எடுத்துக்கொள்வார்கள். மிச்சிகனின் அந்தத் திறந்த மனதை நான் இப்போதும் தேடுகிறேன்.

பிறகு 2025 வந்தது. கனடா அமெரிக்காவின் 51ஆவது மாநிலமாகட்டும் என்ற ட்ரம்பின் பேச்சு, அதோடு கனடியப் பொருட்கள் மேல் 25 சதவீத வரி. பிப்ரவரியில் ஒட்டாவா ஹாக்கி மைதானத்தில் அமெரிக்க தேசிய கீதத்துக்குக் கூச்சல் எழுந்தது. மார்ச்சில் ஒன்டாரியோவில், டாஸ்மாக் போல அரசே நடத்தும் மதுக்கடைகளிலிருந்து அமெரிக்கச் சரக்கு முழுவதும் இறக்கப்பட்டது. எங்கள் தெருக்கோடிக் கடையில் ஒரு மூதாட்டி தக்காளிப் பெட்டியைத் திருப்பி, கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு ஊர் பெயரைப் படித்தார். கலிபோர்னியா. வைத்துவிட்டு, இரண்டு டாலர் அதிகமான, பக்கத்து ஊரான லீமிங்டன் தக்காளியை எடுத்துக்கொண்டார்.

அந்த வாரம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, எங்க பாட்டுக்கு ஏன் கத்துறாங்க? நாங்க உங்களுக்கு என்ன பண்ணோம்?" நிஜமாகவே புரியாத குரல். வரியைப் பற்றிச் சொன்னேன். ஒரே காரின் பாகங்கள் எத்தனை தடவை அந்த ஆற்றைக் கடக்கின்றன, விண்ட்சரில் எத்தனை வீடுகளில் அடுப்பெரிவது அதை நம்பி என்று சொன்னேன். அவனுக்குப் பள்ளியில் யாரும் இதைச் சொல்லவில்லை. பக்கத்தில் என் மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "அவனுக்கு எப்படித் தெரியாம இருக்கும்?" என்று கோபப்பட்டாள். அவளிடம், நீ அவனுக்கு எதிரியும் இல்லை, அவனுக்கு மேலும் இல்லை என்று சொல்லிப் புரியவைக்க எனக்கு அவனிடம் பேசியதைவிட அதிக நேரம் பிடித்தது.

விண்ட்சரில் பலர் ஆதரிப்பது டெட்ராய்ட்டின் ரெட் விங்ஸ் ஹாக்கி அணியையும் டைகர்ஸ் பேஸ்பால் அணியையும். மேட்சுக்குப் போக டன்னல் பஸ் என்று ஒன்று ஓடியது. இக்கரையில் ஏறினால் சில நிமிடத்தில் அக்கரை, பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்தபடி. மகளும் அக்கா மகனும் சேர்ந்து பார்த்த முதல் ஆட்டத்துக்கு நான் அவளை அதில்தான் கூட்டிப்போனேன். 2025ல் விண்ட்சர் நகர நிர்வாகம் அதை நிறுத்தியது. நம் வரிப்பணத்தில் எதற்கு அமெரிக்காவுக்கு ஆள் கொண்டுபோய்விட வேண்டும் என்பது மேயர் சொன்ன காரணங்களில் ஒன்று. இப்போது மேட்சுக்கு நான் காரில் கூட்டிப்போகிறேன். எல்லைச் சாவடியில் ஜன்னலை இறக்கும்போது, பின் இருக்கையில் அவள் ரெட் விங்ஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறாள்.