எல்லாமே விக்டோரியா காலம்: ஒரு பழம்பொருட் செயலியோடு இரண்டு ஆண்டுகள்

சென்ற வாரம் வவுனியாவிலிருந்து நண்பர் ஒருவர் அழைத்து, "மச்சான், அந்தப் பழஞ்சாமான் பார்க்கிற செயலிக்கு இப்ப சந்தா பாதியாம், கட்டலாமோ?" என்று கேட்டார். உடனே விடை சொல்ல என்னால் முடியவில்லை. இரண்டு ஆண்டுகளாக அதற்குப் பணம் கட்டி வருபவன் நான். அதே காலத்துக்குள் ஐந்து தடவையாவது அதைக் கைத்தொலைபேசியிலிருந்து அழித்தவனும் நான். படம் எடுத்துக் கொடுத்தால் பாணி, காலம், உத்தேச விலை மூன்றையும் அது சொல்லும் என்பது தெரிந்ததுதான். ஆகவே என் கோபம் எதில் என்பதற்கே நேராக வருகிறேன்.

பொருளின் வயதை அது பூவேலையைப் பார்த்துச் சொல்கிறது. வளைந்த கொடியும் இலையும் எங்கே தென்பட்டாலும் அதற்கு அது விக்டோரியா காலம்தான். மல்லாவியில் எங்கள் வீட்டிலிருக்கும் பாக்குவெட்டியின் பிடியிலும் அந்த அரசியைத்தான் அது கண்டது.

முதலில் சோதித்துப் பார்த்தது அம்மாவின் சிங்கர் தையல் இயந்திரம். கறுப்பு உடலில் மனிதமுகம் கொண்ட பொன்னிறச் சிங்க உருவங்கள், எகிப்தியப் பாணி அலங்காரம். காலை வெளிச்சத்தில் எடுத்த படத்துக்கு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, விக்டோரியா காலம் என்றது. மாலையில் வேறொரு கோணத்தில் எடுத்த படத்துக்கு, துத்தங்காமன் கல்லறை 1922இல் கண்டுபிடிக்கப்பட்ட பின் உலகெங்கும் பரவிய எகிப்திய மோகத்தின் விளைவு என்றது. ஒரே இயந்திரம், ஒரே நாள், இரண்டு காலங்கள்; இரண்டையும் அது அதே உறுதியோடு சொன்னது. அந்த எகிப்திய அலங்காரம் 1922க்கு முன்பிருந்தே அந்த நிறுவனத்தின் இயந்திரங்களில் வந்துகொண்டிருந்தது; பின்னரும் தொடர்ந்தது. விற்பனையாகும் அலங்காரத்தை எந்தத் தொழிற்சாலையும் எளிதில் கைவிடுவதில்லை. பாணி பிறந்த ஆண்டு வேறு, பொருள் பிறந்த ஆண்டு வேறு. உண்மையான விடை அடித்தட்டில் பொறித்த இலக்கத்தில் இருந்தது. 1900இலிருந்து சிங்கர் தன் இலக்கங்களின் முன்னால் எழுத்துகளைச் சேர்க்கத் தொடங்கியது. எழுத்தில்லாத இலக்கம் அதற்கு முந்தியது. எங்கள் இலக்கம் 'வை' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குகிறது. ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் தொழிற்சாலை 1920களிலும் 1930களின் முற்பகுதியிலும் பயன்படுத்திய வரிசை அது. அம்மம்மாவின் திருமணக் காலத்தோடு அது பொருந்துகிறது. செயலிக்கு அந்த இலக்கத்தைப் படமெடுத்துக் கொடுத்தபோதோ அது "அலங்கார எண்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தது.

இன்னொரு சங்கடத்தை வன்னிக்கு வெளியே இருப்பவர்கள் அவ்வளவாக உணரமாட்டார்கள். எங்கள் பொருட்களில் பலவற்றை 2009இன் தொடக்கத்தில் தறப்பாளில் சுற்றிப் புதைத்துவிட்டு நடந்தோம். மீள்குடியேறிய பின்னர் நினைவிலிருந்த மரத்தையும் கிணற்றையும் அடையாளமாக வைத்துத் தோண்டி எடுத்தோம். இயந்திரத்தின் ஒரு பக்கத்துப் பொன்வேலையை மண் தின்றிருந்தது. அதே குழியில் கிடந்த பித்தளைச் சருவக்குடத்தைப் பச்சைக் களிம்பு மூடியிருந்தது. செயலி அந்தக் களிம்பைப் பார்த்துக் குடத்தை 18ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனது. அது அம்மாவின் சீதனச் சாமான். 1970களில் கடையில் வாங்கியது. ஈர மண் செம்பையும் பித்தளையையும் சில ஆண்டுகளுக்குள்ளேயே பச்சையாக்கிவிடும் என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை.

அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அது டொலரில் விலையும் சொல்கிறது. பக்கத்து வளவு மாமியிடம் முதிரைப் பலகையில் செய்த பெட்டகம் ஒன்று உண்டு. அதைப் பார்த்தவுடன் மகோகனி என்றது, ஒல்லாந்தர் காலப் பாணி என்றது, ஒரு தொகையையும் காட்டியது. மாமியின் முகத்தில் தோன்றிய நம்பிக்கையைக் கண்டபோது அந்தக் கைத்தொலைபேசியைக் கிணற்றில் எறிய மனம் வந்தது. பெட்டகத்தைச் சரித்து அடியைப் பார்த்தோம். பலகையில் வட்டவாளின் வில்வளைவுத் தடங்கள் தெளிவாக இருந்தன. கையால் இழுக்கும் வாள் நேர்க்கோட்டுத் தடங்களைத்தான் விடும். பிணைச்சல்களில் கூட்டல் குறித் தலை கொண்ட திருகாணிகள் இருந்தன. அவை 1930களில்தான் சந்தைக்கு வந்தன. பின்னாளில் யாரோ மாற்றியிருக்கலாம் என்று நினைத்துப் பழைய துளைகளைத் தேடினேன், ஒன்றும் இல்லை. மாமிக்கு அதை விளங்கப்படுத்த மூன்று நாள் பிடித்தது. உண்மையிலேயே பழையதாக இருந்தால் சிக்கல் வேறு விதமானது, அது சட்டத்தோடு வரும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியவற்றைத் தொல்பொருள் என்று வரையறுக்கிறது. மண்ணிலிருந்து வந்த ஒரு குடத்துக்கு 18ஆம் நூற்றாண்டு என்று திரையில் போடும் செயலி, எங்கள் ஊரில் எவ்வளவு வீண் தோண்டல்களுக்கும் எவ்வளவு வீண் பயத்துக்கும் வழி திறக்கிறது என்பதை அதன் தயாரிப்பாளர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இத்தனைக்குப் பிறகும் நான் ஏன் அதை வைத்திருக்கிறேன் என்றால், அதற்கு அடிப்புற முத்திரைகளைப் படிக்கும் அபாரமான திறமை உண்டு. பெரியம்மா கொடுத்த நீலநிற மரமும் பாலமும் வரைந்த பீங்கான் தட்டை மேற்புறமாகக் காட்டியபோது, வழக்கம்போல் 1820 முதல் 1840 வரை என்றது. தட்டைத் திருப்பி, தேங்காய் எண்ணெய் விளக்கைச் சாய்வாகப் பிடித்து, என் கண்ணுக்கு வெறும் கறையாகத் தெரிந்த இடத்தைப் படமெடுத்தேன். இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்டது என்ற ஆங்கிலச் சொற்களைத் தேய்ந்த கறைக்குள்ளிருந்து அது எழுத்தெழுத்தாக மீட்டுத் தந்தது. நாட்டின் பெயரைப் பொறிப்பது அமெரிக்காவின் 1890 சுங்கச் சட்டத்துக்குப் பின் பரவிய வழக்கம். அந்த முழு வாசகமோ பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுக்குரியது. ஒரே செயலி, மேலே பார்த்துச் சொன்ன பொய்யைக் கீழே பார்த்துத் தானே உடைத்துவிட்டது. உடைத்ததை அது அறியவும் இல்லை. அன்றிலிருந்து எனாமல் தட்டு, விளக்கு, கோப்பை எதுவானாலும் முதலில் கவிழ்த்துவிட்டுத்தான் படமெடுக்கிறேன். செக்கோஸ்லோவாக்கியா என்ற பெயர் இருந்தால் 1918க்கும் 1992க்கும் இடைப்பட்டது, சிலோன் என்று நாணயத்தில் இருந்தால் 1972க்கு முந்தியது. அழிந்த நாடுகளின் பெயர்களும் மாறிய பெயர்களும் பூவேலையைவிட நேர்மையான சாட்சிகள்.

நண்பருக்குக் கடைசியில் நான் சொன்னது, கட்டாதே என்பதுதான். பாணியைக் கேட்கப் போகிறாய் என்றால் உன் காசு வீண், முத்திரையைக் கேட்கப் போகிறாய் என்றால் ஒரு மாதச் சந்தா போதும், விலையைக் கேட்கவே கேட்காதே என்றேன். அவர் நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தார். அன்றிரவே பாதி விலையில் இன்னும் ஓர் ஆண்டுக்கு நான் கட்டிவிட்டேன், ஏனெனில் முத்தையன்கட்டிலிருந்து ஒருவர் அடிப்புறம் முழுவதும் கரிபிடித்த ஒரு மேசைவிளக்கைக் கொண்டுவந்து தந்திருக்கிறார், கரியின் ஓரத்தில் இரண்டு எழுத்துகள் தெரிகின்றன.